கடலடிக் கசிவுகளைப் படித்தறிதல்: எண்ணெயும் வாயுவும் வந்த வழியைத் தேடும் புதியவர்களுக்கு

மெக்சிகோ வளைகுடாவின் தென்பகுதியான காம்பேச்சே விரிகுடாவில் மீன்பிடித்து வந்த ருடேசிண்டோ காந்தரெல் என்பவர், தம் வலைகளை எண்ணெய் பாழாக்குகிறது என்று மெக்சிகோவின் அரசு எண்ணெய் நிறுவனமான பெமெக்ஸிடம் முறையிட்டார். அந்த எண்ணெய் எந்தக் குழாயிலிருந்தும் ஒழுகியதன்று. கடலடியிலிருந்து இயற்கையாகக் கசிந்து வந்தது. 1976-இல் அந்தப் பகுதியில் துளையிட்டபோது, உலகின் மிகப் பெரிய கடல் எண்ணெய் வயல்களுள் ஒன்று வெளிப்பட்டது. அந்த மீனவரின் பெயரையே தாங்கிய காந்தரெல் வயல், 2004-ஆம் ஆண்டு வாக்கில் நாளொன்றுக்கு 20 லட்சம் பீப்பாய்க்கும் மேல் எண்ணெய் தந்தது.

இந்த வரலாற்றைக் கேட்கும் மாணவர்கள், கசிவுக்கு நேர் கீழே வயல் இருக்கும் என்று எண்ணிவிடுவதுண்டு. அந்த எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுவது நல்லது. கசிவு என்பது ஒரு நெடிய பயணத்தின் கடைசிப் புள்ளி மட்டுமே. எண்ணெய் பல கிலோமீட்டர் ஆழத்தில் உருவாகி, பக்கவாட்டில் வெகுதூரம் நகர்ந்து, ஏதோ ஒரு பிளவின் வழியே கடலடித் தரையை எட்டியிருக்கலாம். வழியில் எங்கும் தேங்காமலே வந்திருக்கவும் கூடும். ஆகவே கசிவைக் கண்டுபிடிப்பது வேலையின் பாதிதான். அது வந்த வழியைப் பின்னோக்கித் தேடிச் செல்வதே உண்மையான வேலை. அந்த வேலையை எந்த ஒழுங்கில் செய்வது என்பதை, மெக்சிகோ வளைகுடாவை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன். இயற்கைக் கசிவுகள் மிகுந்ததாலும், தரவுகளில் பெரும்பங்கு பொதுவெளியில் கிடைப்பதாலும் புதியவர்கள் பழகுவதற்கு அதைவிடப் பொருத்தமான கடல் இல்லை.

முதற்படி: படுகையின் வரலாற்றை எழுதிக்கொள்ளுங்கள்

கணினியில் சீஸ்மிக் படத்தை, அதாவது கடலடிக்குள் ஒலியலையை அனுப்பி அதன் எதிரொலியிலிருந்து வரையும் பாறையடுக்குப் படத்தை, திறப்பதற்கு முன்பே, இந்தப் படுகையில் எண்ணெய் தரக்கூடிய மூலப்பாறை எது, அது போதிய வெப்பத்தை எட்டியதா, எப்போது எட்டியது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிவிட வேண்டும். மெக்சிகோ வளைகுடாவில் முதன்மையான மூலப்பாறை, ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் இறுதியில் படிந்த கரிமம் செறிந்த களிமண் படிவுகளாகும். அதற்கும் கீழே, நடு ஜுராசிக் காலத்தில் கடல்நீர் ஆவியாகிப் படிந்த லூவான் உப்பு என்னும் தடித்த உப்புப் படலம் கிடக்கிறது. இந்த உப்பின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் இங்குள்ள ஒரு கசிவையும் விளக்க முடியாது.

பொதுவாக 60 முதல் 150 பாகை செல்சியசுக்குள் மூலப்பாறை எண்ணெய் தருகிறது. அதற்கு மேல் போனால் வாயுவே மிகுகிறது. இங்கே புதியவர்கள் தடுமாறும் ஓர் இடம் உண்டு. வெப்பம் கூடுவதைக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடக் கூடாது. கடலடித் தரையிலிருந்துதான் கணக்கிட வேண்டும். ஆழ்கடலின் தரையில் வெப்பம் 4 பாகை அளவுக்கே இருக்கும். கிலோமீட்டருக்கு 25 பாகை கூடுவதாகக் கொண்டால், 100 பாகையை எட்டத் தரைக்குக் கீழே ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் படிவு வேண்டும். மேலே 2 கிலோமீட்டர் தண்ணீர் நிற்கிறதென்றால், கடல்மட்டத்திலிருந்து அது 5.8 கிலோமீட்டர் ஆழம். உப்பு வெப்பத்தை எளிதில் கடத்துவதால், தடித்த உப்புக்குக் கீழே உள்ள பாறைகள் அதே ஆழத்திலுள்ள மற்றப் பாறைகளைவிடக் குளிர்ந்திருக்கும். எனவே எண்ணெய் முதிர்வதும் அங்கே தாமதப்படும். இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் போட்ட கணக்கு, மூலப்பாறையை வெந்துபோனதாகக் காட்டிவிடும்.

இரண்டாம் படி: வழிகளை வரையுங்கள்

மூலப்பாறையை விட்டு வெளியேறிய எண்ணெயும் வாயுவும் நீரைவிட எடை குறைந்தவை; ஆகவே மிதப்பு விசை அவற்றை மேலே தள்ளுகிறது. பாறையின் நுண்துளைகள் குறுகலாக இருந்தால் அவற்றினுள் நுழைய எதிர்ப்பு ஏற்படுகிறது. மணற்கல்லில் அந்த எதிர்ப்பு குறைவு, களிமண்ணில் மிகுதி. எனவே எண்ணெய் களிமண்ணின் அடிப்பரப்பை ஒட்டி, மணற்படலத்தின் வழியே மேட்டை நோக்கிச் சாய்வாக நகர்கிறது. ஓரிடத்தில் தேங்கினால், தேங்கிய தம்பத்தின் உயரம் கூடக்கூட மிதப்பு அழுத்தமும் கூடும். ஒரு கட்டத்தில் மேலுள்ள மூடுபாறை அதைத் தாங்க முடியாமல் வழிவிடும். அல்லது பொறியின், அதாவது எண்ணெயைத் தேக்கி நிறுத்தும் பாறை அமைப்பின், விளிம்பு நிரம்பி, எண்ணெய் பக்கவாட்டில் வழிந்துவிடும்.

செங்குத்தான வழிகள் பெரும்பாலும் பிளவுப்பெயர்ச்சிகள்தாம். ஆனால் பிளவு என்றாலே வழி என்று எழுதிவிடாதீர்கள். களிமண் இழுபட்டுப் பிளவுப் பரப்பில் அப்பிக்கொண்டால் அதே பிளவு அடைப்பாக நிற்கும். அழுத்தம் மிகும்போது திறந்து, வாயு வெளியேறியபின் மூடிக்கொள்ளும் பிளவுகளும் உண்டு. அண்மைக் காலத்தில் அசைந்ததா, அதன் மேல்நுனி கடலடித் தரையைத் தொடுகிறதா, கீழ்நுனி மூலப்பாறையையோ அதன் மேலுள்ள மணற்படலத்தையோ எட்டுகிறதா என்று ஒவ்வொரு பிளவுக்கும் தனித்தனியே குறித்து வையுங்கள்.

வளைகுடாவில் உப்பே இந்த வழிகளை வகுக்கிறது. உப்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.2 கிராம், ஆழத்தில் இறுகிய களிமண் அதைவிட அடர்ந்தது. மேலே குவியும் படிவின் சுமையால் உப்பு மெல்ல ஓடித் தூண்களாகவும் விரிப்புகளாகவும் எழுகிறது. உப்பினூடே எண்ணெய் செல்லாது. ஆகவே அது உப்பு விரிப்பின் அடிப்பரப்பை ஒட்டிப் பயணம் செய்து, விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே மேலேறுகிறது. உப்பு முழுதும் பிதுங்கி வெளியேறி, மேற்பாறையும் கீழ்ப்பாறையும் ஒட்டிக்கொண்ட இடங்களும் வாசல்களாகின்றன. வளைகுடாவின் வடபகுதிச் சரிவில் அறியப்பட்ட கசிவுகள் உப்பு மேடுகளின் விளிம்பிலும் அவற்றின் தலைமேல் விரியும் பிளவுகளிலும் குவிந்து கிடப்பதற்கும், உப்புகளுக்கு இடைப்பட்ட சிறு பள்ளங்களின் நடுவே குறைந்து காணப்படுவதற்கும் காரணம் இதுதான். கசிவுப் புள்ளிகளை உப்பு வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கும் பயிற்சியை எந்தப் புதியவரும் தவறவிடக் கூடாது என்பது என் கருத்து.

மூன்றாம் படி: சீஸ்மிக் படத்தில் வாயுவின் தடத்தைத் தேடுங்கள்

பாறைத் துளைகளில் வாயு புகுந்தால் ஒலியலையின் வேகம் சட்டென்று குறைகிறது. அதன் விளைவுகள் படத்தில் பல வடிவங்களில் தெரியும். மணற்படலம் ஒன்று தன் அண்டையைவிடப் பிரகாசமாக ஒளிர்ந்தால் அது பிரகாசப் புள்ளி. சாய்ந்த படலங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு தட்டையாக ஓடும் கோடு, வாயுவும் நீரும் சந்திக்கும் மட்டமாக இருக்கலாம். படலங்கள் செங்குத்தாகக் கலங்கி மங்கிய தூண், வாயு மேலேறும் புகைபோக்கி எனப்படுகிறது. அதன் உள்ளே படலங்கள் கீழ்நோக்கித் தொய்ந்ததுபோலத் தெரிவது, அலை தாமதமாகத் திரும்புவதால் ஏற்படும் தோற்றமே தவிர உண்மையான தொய்வன்று.

இங்கே மூன்று எச்சரிக்கைகள் உண்டு. முதலாவதாக, துளைநீரில் சில விழுக்காடு வாயு கலந்திருந்தாலே பிரகாசம் தோன்றிவிடும். பிரகாசத்தைக் கொண்டு வாயுவின் அளவை மதிப்பிட முடியாது. இப்படி ஏமாந்து துளையிட்ட கிணறுகள் உலகெங்கும் உள்ளன. இரண்டாவதாக, மங்கிய தூண்கள் எல்லாம் புகைபோக்கிகள் அல்ல. மேலே கடினமான சுண்ணாம்புப் பாறையோ செங்குத்தான உப்போ இருந்தாலும் கீழே படம் மங்கும். சந்தேகம் வந்தால், கடலடியில் வைக்கும் கருவிகளால் பதிவான குறுக்கலைத் தரவு, அதாவது பாறையைப் பக்கவாட்டில் அசைத்தபடி செல்லும் அலையின் பதிவு, கிடைக்கிறதா என்று பாருங்கள். குறுக்கலை துளைகளிலுள்ள வாயுவைப் பொருட்படுத்துவதில்லை என்பதால், உண்மையான வாயுத் தூணின் ஊடே அதில் படலங்கள் தெளிவாகத் தெரியும்.

மூன்றாவது எச்சரிக்கை, கடலடித் தரைக்கு இணையாக, படலங்களை வெட்டிக்கொண்டு, தரையின் எதிரொலிக்கு நேர்மாறான முனைவோடு (அலைவடிவம் தலைகீழாக) ஓடும் பிரதிபலிப்பைப் பற்றியது. அது வாயு ஹைட்ரேட் என்னும் பனிக்கட்டி போன்ற பொருள் நிலைத்திருக்கக்கூடிய அடுக்கின் அடிமட்டத்தைக் காட்டுகிறது. அது தெரிந்தால் கீழே வாயு உண்டு என்று சொல்லலாம்; ஆழத்து எண்ணெய்ப் பாறையிலிருந்து வந்த வாயு என்று சொல்ல முடியாது. வங்கக் கடலின் கிருஷ்ணா-கோதாவரி படுகையில் 2006-இல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் கப்பலிலிருந்து இந்தியத் தேசிய வாயு ஹைட்ரேட் திட்டம் துளையிட்டபோது, விரிசல் விட்ட களிமண்ணில் நூறு மீட்டருக்கும் மேல் தடித்த ஹைட்ரேட் அடுக்கு கிடைத்தது. அந்த மீத்தேனில் பெரும்பங்கு ஆழத்து வெப்பத்தால் வந்ததன்று. நுண்ணுயிர்கள் படிவிலேயே ஆக்கியது. மறுபுறம், மெக்சிகோ வளைகுடாவின் வடபகுதியில் கடலடியிலேயே ஹைட்ரேட் மேடுகள் கிடக்கும் இடங்களில் பலவற்றில் இந்தப் பிரதிபலிப்புத் தெளிவாகத் தெரிவதில்லை. குறி இல்லை என்பதற்காகப் பொருளே இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

நான்காம் படி: கடலடித் தரையின் முகத்தைப் படியுங்கள்

அமெரிக்கக் கடல்சார் ஆற்றல் மேலாண்மைப் பணியகம் 2017-இல் வளைகுடாவின் வடபகுதி ஆழ்கடலுக்கு ஒரு தரைவடிவ வரைபடத்தை வெளியிட்டது. முப்பரிமாண சீஸ்மிக் தரவிலிருந்து உருவான அதில் 140 கோடிப் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 12 மீட்டர் பக்கமுள்ள சதுரம். அதை இலவசமாகப் பதிவிறக்கிப் பழகலாம். தரையில் வட்டக் குழிகள், சேற்று எரிமலைகள், சிறு மேடுகள், பிளவு விளிம்புகள் ஆகியவற்றைத் தேடுங்கள். வட்டக் குழிகளை 1970-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு அப்பாலுள்ள கடலடியில் கிங், மக்லீன் என்னும் இருவர் முதன்முதலில் விவரித்தார்கள். வாயுவோ நீரோ மென்களிமண்ணைக் கிளப்பிக்கொண்டு வெளியேறியதன் தழும்புகள் அவை. தழும்பு பழையதாகவும் இருக்கலாம். ஆகவே குழியைக் கண்டால் கசிவு நடக்கிறது என்று பொருளன்று, எப்போதோ நடந்தது என்பதே பொருள்.

தரையின் எதிரொலி எவ்வளவு வலியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நெடுங்காலம் மெல்லக் கசியும் இடத்தில், ஆக்சிசன் இல்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு மீத்தேனை உடைக்கின்றன. அப்போது உண்டாகும் பைகார்பனேட், கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்புப் பொருக்காகப் படிகிறது. அந்தக் கடினத் தரை வலிய நேர்முனைவு எதிரொலி தரும். வேகமாகச் சேறும் வாயுவும் பீறிடும் இடத்திலோ தரை மென்மையாகி, எதிரொலி தலைகீழாகவும் மாறும். அதே வேதிவினையில் வெளிப்படும் ஹைட்ரஜன் சல்பைடு, வெண்ணிற நுண்ணுயிர்ப் படலங்களுக்கும் குழாய்ப் புழுக்களுக்கும் உணவுக்கு ஆதாரமாகிறது. ஏறத்தாழ 540 மீட்டர் ஆழத்தில் உள்ள புஷ் ஹில் என்னும் மேட்டில் குழாய்ப் புழுப் புதர்கள், மட்டிகள், வெளித்தெரியும் ஹைட்ரேட், எண்ணெய் ஆகிய நான்கையும் ஒரே இடத்தில் காணலாம். வளைகுடாவின் குழாய்ப் புழுக்களில் சில 200 ஆண்டுகளுக்கு மேல் வாழ்பவை. பெரிய புழுப்புதர் நிற்கிறதென்றால், அங்கே கசிவு தலைமுறைகளாகத் தொடர்ந்திருக்கிறது என்று துணிந்து எழுதலாம். இதைவிட நம்பகமான காலக்குறிப்பு கடலடியில் எளிதில் கிடைக்காது.

ஐந்தாம் படி: நீரிலும் நீர்ப்பரப்பிலும் தேடுங்கள்

கப்பலின் எதிரொலிமானியில் வாயுக் குமிழிகள் தரையிலிருந்து எழும் தீச்சுடர் வடிவில் தெரியும். மீன்கூட்டமும் எதிரொலி தரும். சுடரின் அடி தரையில் ஊன்றியிருக்கிறதா, மறுமுறை கடக்கும்போதும் அதே இடத்தில் நிற்கிறதா என்பதைக் கொண்டு பிரித்தறியுங்கள். ஆழ்கடலில் வெறும் மீத்தேன் குமிழிகள் பெரும்பாலும் மேலே வருமுன் நீரில் கரைந்துவிடும். எண்ணெய்ப் பூச்சு ஏறிய குமிழிகளும் எண்ணெய்த் துளிகளுமே மேற்பரப்பை எட்டும். எனவே மேற்பரப்பில் படலம் இல்லாததைக் கொண்டு கீழே வாயுக் கசிவு இல்லை என்று முடிவு செய்ய முடியாது.

எண்ணெய்ப் படலம் ஒரு மைக்ரானுக்கும் மெல்லியதாக இருந்தாலும் சிற்றலைகளை அடக்கிவிடுகிறது. அதனால் ரேடார் செயற்கைக்கோள் படத்தில் அந்த இடம் கறுப்பாகத் தெரிகிறது. ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் 2014 முதல் எடுத்துவரும் படங்கள் எவருக்கும் இலவசம். காற்று நொடிக்கு ஏறத்தாழ 2 முதல் 7 மீட்டர் வேகத்தில் வீசிய நாளின் படங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்; அதற்குக் குறைந்தால் கடல் முழுதுமே கறுப்பாகும், மிகுந்தால் படலம் அலையில் கலைந்துவிடும். கப்பல் கொட்டிய கழிவு பெரும்பாலும் கப்பல் போன வழியே நீளும். இயற்கைக் கசிவின் படலம் ஒரு புள்ளியில் தொடங்கிக் காற்றும் நீரோட்டமும் இழுத்த திசையில் வளைந்து செல்லும். வெவ்வேறு நாள்களின் படங்களை அடுக்கிப் பாருங்கள்: வால் ஒவ்வொரு முறையும் வேறு திசையில் கிடக்க, தலை மட்டும் ஒரே வட்டாரத்தில் நின்றால், அது கசிவுதான்.

அந்தத் தலைப்புள்ளியும் கடலடி வாயிலுக்கு நேர் மேலே இருப்பதில்லை. 1,200 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு துளி நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் எழுவதாகக் கொள்வோம். மேலே வர 12,000 நொடி, அதாவது 3 மணி 20 நிமிடம் ஆகும். அந்நேரம் முழுதும் நீரோட்டம் நொடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் ஒரே திசையில் ஓடினால், துளி 2.4 கிலோமீட்டர் தள்ளித்தான் வெளிப்படும். ஆகவே படலத் தலைகளின் நடுப்புள்ளியைச் சுற்றி இந்த அளவுக்கு ஒரு வட்டம் போட்டு, அதனுள் விழும் தரை மேடுகளையும் பிளவுகளையும் மாதிரி எடுப்பதற்கான இடங்களாகக் குறியுங்கள்.

ஆறாம் படி: மாதிரி எடுங்கள்

எடையுள்ள பிஸ்டன் கோர் குழாயைத் தரையில் விட்டுச் சில மீட்டர் நீளத்துக்குச் சேற்றை எடுப்பதே வழக்கமான முறை. குழாய் கப்பல் தளத்துக்கு வந்ததும் முதலில் மூக்குதான் எச்சரிக்கும்: அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடைக் காட்டுகிறது. அது நச்சு வாயு. அளவு கூடினால் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும் என்பதால் மூக்கை நம்பாமல், அளவுமானியைச் சட்டையில் மாட்டிக்கொண்டு, காற்று வரும் பக்கம் நின்று வேலை செய்யுங்கள். சேற்றில் ஹைட்ரேட் இருந்தால், அழுத்தம் குறைந்து வெப்பம் ஏறியவுடன், சோடாப் புட்டியைத் திறந்ததுபோலச் சீறி நுரைத்து, வெண்துண்டுகள் கண்முன்னே சுருங்கி மறையும். எனவே படம் எடுப்பதும் மாதிரியை மூடுவதும் சில நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். நறுக்கிய பரப்பில் கரும்பழுப்பு நாளங்கள் தெரிந்தால் புற ஊதா விளக்கில் பிடித்துப் பாருங்கள். எண்ணெய் மஞ்சளாகவோ வெளிர் நீலமாகவோ ஒளிரும். குழாய்க்குப் பூசிய மசகும் ஒளிரக்கூடும் என்பதால், கப்பலில் பயன்படும் எல்லா எண்ணெய்களிலும் ஒவ்வொரு துளி எடுத்துத் தனியே ஆய்வகத்துக்கு அனுப்புவது கட்டாயம்.

வாயு ஆய்வுக்குக் குழாயின் அடிப்பகுதிச் சேற்றையே எடுங்கள். மேற்பகுதியில் மீத்தேன் ஏற்கெனவே உண்ணப்பட்டிருக்கும். நுண்ணுயிர்களைக் கொல்லும் மருந்து கலந்தோ உறைய வைத்தோ காற்றுப் புகாத கலனில் அடையுங்கள். குறி எதுவும் இல்லாத இடங்களிலும் சில குழாய்களை இறக்குங்கள். பின்னணி அளவு தெரியாமல் எந்த அளவையும் உயர்ந்தது என்று சொல்ல முடியாது. செலவைக் குறைக்க இந்தக் குழாய்களை வெட்டிவிடும் திட்டங்கள் பின்னர் மிகவும் வருந்த நேரும்.

ஏழாம் படி: ஆய்வக எண்களை ஒன்றோடொன்று வைத்துப் படியுங்கள்

மீத்தேனின் அளவை ஈத்தேன், புரோப்பேன் இரண்டின் கூட்டால் வகுங்கள். ஈவு 1,000-க்கு மேல் என்றால் நுண்ணுயிர் வாயு, 100-க்குக் கீழ் என்றால் ஆழத்து வெப்பத்தால் உண்டான வாயு என்பது பொதுவான அளவுகோல். மீத்தேனின் கார்பன்-13 ஐசோடோப்பு மதிப்பு (கனமான கார்பன் அணுக்களின் பங்கை ஒரு பொது அளவோடு ஒப்பிட்ட எண்), ஆயிரத்துக்கு −60-ஐவிடக் குறைந்தால் நுண்ணுயிர் வாயுவையும், ஏறத்தாழ −50-க்கு மேல் இருந்தால் வெப்ப வாயுவையும் சுட்டும். இரண்டு அளவுகோல்களும் முரண்பட்டால் தவறு எங்கோ என்று கலங்காதீர்கள். இரு வாயுக்கள் கலந்திருக்கலாம், அல்லது மீத்தேனில் ஒரு பகுதி உண்ணப்பட்டு, எஞ்சியது கனமான ஐசோடோப்பு மிகுந்ததாகத் தெரியலாம்.

எண்ணெய் கிடைத்திருந்தால் அதில் இன்னும் அரிய செய்தி உண்டு. பண்டைய உயிரிகளின் எச்சமான ஹோப்பேன், ஸ்டெரேன் போன்ற உயிர்ச்சுவட்டு மூலக்கூறுகள் மூலப்பாறையின் வகையையும் முதிர்ச்சியையும் சொல்லும். பூக்கும் தாவரங்களிலிருந்து வரும் ஒலியானேன் மிகுந்திருந்தால், அந்த எண்ணெய் ஜுராசிக் பாறையிலிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை. அந்தத் தாவரங்கள் பரவியது அதற்கு வெகுகாலம் பின்னர். முதற்படியில் எழுதிய படுகை வரலாறு சரியா என்று சோதிக்கும் இடம் இதுவே.

எட்டாம் படி: கசிவு எதைச் சொல்கிறது என்று தீர்மானியுங்கள்

மூலப்பாறை வேலை செய்கிறது என்பதற்குக் கசிவு உறுதியான சான்று. தேக்கம் உண்டு என்பதற்கு அது சான்றாகாது. சில வேளைகளில் தேக்கம் அழிந்ததற்கே சான்றாகும். வடக்கே பேரண்ட்ஸ் கடலில் நிலம் உயர்ந்து மேற்படிவுகள் பெருமளவு அரிக்கப்பட்டன. அழுத்தம் தணிந்ததால் வாயு விரிந்து எண்ணெயைப் பொறிகளிலிருந்து வழியச் செய்தது, மூடுபாறைகளும் விரிசல் கண்டன. அங்கே கசிவுத் தழும்புகள் ஏராளம். பொறிகள் பலவற்றில் எண்ணெய் இருந்ததற்கான கறை மட்டுமே மிஞ்சியிருக்கிறது. கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா கால்வாயிலோ நிலைமை வேறு. அங்கே சுமாஷ் மக்கள் பலகைப் படகுகளின் பொருத்துகளை அடைக்கப் பயன்படுத்திய தார் என்னும் கரும்பசையைத் தந்த கசிவுகள் இன்றும் ஓடுகின்றன, அருகிலேயே வயல்களிலிருந்து எண்ணெயும் எடுக்கப்பட்டது. எடுத்த பின் தேக்கத்தின் அழுத்தம் குறைந்து, ஹாலி என்னும் எண்ணெய்க் கிணற்று மேடையைச் சுற்றிய கசிவும் குறைந்ததாக 1999-இல் ஓர் ஆய்வு வெளியானது. தேக்கத்துக்கும் கசிவுக்கும் நேரடித் தொடர்பு உள்ள இடம் அது.

ஆகவே இறுதி வரைபடத்தில் ஒவ்வொரு கசிவுப் புள்ளிக்கும் அருகே, அதை எந்தெந்தக் குறிகள் தாங்குகின்றன என்று எழுதுங்கள். சீஸ்மிக் தடம் மட்டும் உள்ளதை ஐயத்துக்குரியது என்றும், தரை வடிவமும் நீர்ச்சுடரும் சேர்ந்ததை வாய்ப்புள்ளது என்றும், வெப்ப வாயுவோ எண்ணெயோ கையில் கிடைத்ததை உறுதியானது என்றும் தரம் பிரியுங்கள். புள்ளியிலிருந்து மூலப்பாறை வரை நீங்கள் வரைந்த வழியை முழுக்கோடாகவும், ஊகித்த பகுதியைப் புள்ளிக்கோடாகவும் காட்டுங்கள். தேடியும் எதுவும் கிடைக்காத இடங்களையும் அதே வரைபடத்தில், எந்தக் கருவியால் எந்த நாளில் தேடினீர்கள் என்ற குறிப்போடு பதியுங்கள்; அடுத்து அதே கடலுக்கு வருபவர் முதலில் கேட்பது அந்தக் குறிப்பைத்தான்.